தொலைந்ததைத் தேடிய மனிதர்

நம் மன்றத்தின் ஆண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டார். கவிஞர்களையும் நாட்டுத் தலைவர்களையும் பற்றி எழுதத் தகுதி உடையவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். பௌதிகம் படிக்கும் நான் யாரைப் பற்றி எழுதுவது? இரண்டு நாட்கள் எண்ணிப் பார்த்தேன். முடிவில், என்னுடைய தோல்வி ஒன்று எனக்கு அறிமுகம் செய்துவைத்த ஒருவரைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அவருடைய பெயரை நம்மில் பலர் நாள்தோறும் எழுதுகிறோம். விடைத்தாளில், எண்ணுக்குப் பின்னால், ஓர் அளவின் பெயராக எழுதுகிறோம். அது ஒரு மனிதரின் பெயர் என்பதைத்தான் மறந்துவிட்டோம். அவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, இரண்டு இரவுகள் ரயிலில் பயணம் செய்து இங்கு வந்து சேர்ந்த முதல் பருவம் அது. வகுப்பில் பேசப்பட்ட ஆங்கிலம் எனக்குப் பாதி விளங்கியது; மறுபாதியைக் கரும்பலகையைப் பார்த்து ஊகித்துக்கொண்டேன். முதல் தேர்வில் இயக்கவியலில் ஒரு கணக்கு வந்தது. சொரசொரப்பான ஒரு மேசை. அதன்மீது 2 கிலோகிராம் எடையுள்ள இரும்புக் கட்டை ஒன்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வழுக்கிச் செல்கிறது. உராய்வுக் கெழு 0.2. ஒரு மீட்டர் தொலைவு சென்றதும் கட்டை ஒரு சுருள்வில்லைத் தொடுகிறது. அந்த வில்லை ஒரு மீட்டர் அமுக்க 128 நியூட்டன் விசை வேண்டும் என்னும் கணக்கில் அதன் விறைப்பு தரப்பட்டிருந்தது. வில் எவ்வளவு தூரம் அமுங்கும் என்பது கேள்வி. புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

நான் கணக்கிட்டேன். கட்டையின் இயக்க ஆற்றல் 9 ஜூல். உராய்வு விசை 4 நியூட்டன். ஒரு மீட்டர் தூரத்தில் 4 ஜூல் போய்விட்டது. மீதி 5 ஜூலும் வில்லில் சேர்ந்தது என்று எழுதினேன். விடை 28 சென்டிமீட்டர் வந்தது. அது தவறு. வில் அமுங்கும்போதும் கட்டை அதே மேசைமீதுதானே நகர்கிறது? அங்கேயும் உராய்வு உண்டு அல்லவா? அதையும் சேர்த்துக்கொண்டால் விடை 25 சென்டிமீட்டர். 4 ஜூல் வழியில் போகிறது. 1 ஜூல் வில்லை அமுக்கும்போது போகிறது. எஞ்சிய 4 ஜூல் வில்லில் தங்குகிறது. நாலும் ஒன்றும் நாலும் ஒன்பது. கணக்கு நேராகிவிடுகிறது.

இந்த ஒரு தவறு மட்டுமா? அந்தத் தாள் முழுவதும் இப்படித்தான். மதிப்பெண்ணைப் பார்த்த அன்று, ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினேன். எங்கள் விடுதியில் தங்கியிருந்த தமிழ் ஆராய்ச்சி மாணவர் ஒருவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றே அழைப்போம். அவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. திருத்தமும் கூறவில்லை. நான்கு ஜூல் உராய்வில் போய்விட்டது என்கிறாயே, எங்கே போயிற்று என்று மட்டும் கேட்டார். நான் விழித்தேன். அந்த அளவுக்குப் பெயர் தந்தவரிடமே போய்க் கேள் என்று சொல்லி, நூல் நிலையத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே நான் அறிந்துகொண்ட வாழ்க்கையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகில் உள்ள சால்போர்டில், 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஜூல் பிறந்தார். தந்தை பெஞ்சமின் ஜூல் ஒரு பெரிய மதுவடிப்பு ஆலையின் உரிமையாளர். வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. குழந்தையின் உடல் நலத்துக்குத்தான் குறை. முதுகெலும்பில் பலவீனம் இருந்தது. பிள்ளை கூச்சம் மிகுந்தவனாக வளர்ந்தான். ஆகவே கல்வி பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது.

1834-இல் தந்தை தம் பிள்ளைகள் இருவரையும் ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார். அணுக்கொள்கையை வகுத்த ஜான் டால்டனே அந்த ஆசிரியர். உலகப் புகழ் பெற்ற பின்னரும் அவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்துவந்தார். எடுத்த எடுப்பிலேயே அணுவைப் பற்றிப் பேசவில்லை. எண்கணிதத்தையும் வடிவியலையும் பொறுமையாகக் கற்பித்தார். 1837-இல் டால்டனுக்குப் பக்கவாதம் கண்டது, பாடம் நின்றது. எந்தப் பல்கலைக்கழகத்தின் வாயிலையும் மாணவராக மிதிக்காதவர் ஜூல். ஆனால் அளந்து பார்த்தாலன்றி எதையும் நம்பக்கூடாது என்னும் பாடம் அந்தக் கிழவரிடமிருந்து அவருக்குக் கிடைத்துவிட்டது.

ஆலையில் வேலை; ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி. இதுவே இளைஞர் ஜூலின் வாழ்க்கை முறையாயிற்று. அந்நாளில் மின்மோட்டார் புதிய பொருள். நீராவி எந்திரத்தை அகற்றிவிட்டு மின்மோட்டாரைக் கொண்டு ஆலையை நடத்தினால் செலவு குறையுமா என்று அறிய அவர் விரும்பினார். பத்தொன்பதாம் வயதில் மோட்டார்கள் செய்து ஆராயத் தொடங்கினார். வியாபாரியின் மகன் அல்லவா? கணக்குப் பார்த்தார். மின்கலத்தில் ஒரு பவுண்டு துத்தநாகம் கரைந்து செய்யும் வேலையையும், நல்ல நீராவி எந்திரத்தில் ஒரு பவுண்டு நிலக்கரி எரிந்து செய்யும் வேலையையும் ஒப்பிட்டார். கரி ஏறத்தாழ ஐந்து பங்கு வேலை செய்தது. விலையோ துத்தநாகத்தைவிட மிகக் குறைவு. மின்மோட்டார் ஆசை அத்துடன் முடிந்தது.

ஆசை முடிந்தது; கேள்வி முடியவில்லை. மின்சாரம் ஓடும் கம்பி சூடாவதை அவர் கவனித்திருந்தார். எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் கம்பியின் தடைக்கும் ஏற்ப வெப்பம் பிறக்கிறது என்னும் விதியை 1841-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. இன்று நம் விடுதி அறையில் மின்னடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறோமே, அது அந்த விதியின்படியே கொதிக்கிறது.

இந்த இடத்தில் அக்கால விஞ்ஞானிகள் வெப்பத்தைப் பற்றி என்ன எண்ணியிருந்தார்கள் என்பதைச் சொல்லவேண்டும். வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத, எடையற்ற ஒரு பாய்பொருள் என்று பலர் நம்பினார்கள். அதற்குக் கலோரிக் என்று பெயர். அது ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குப் பாயும். ஆனால் புதிதாகப் பிறக்காது. அழியவும் அழியாது என்பது அவர்கள் கொள்கை. உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடாகிறதே என்றால், உள்ளே ஒளிந்திருந்த கலோரிக் வெளியே வருகிறது என்பார்கள். மியூனிக் நகரில் பீரங்கி துளைக்கும் வேலையைக் கண்ட ரம்போர்டு பிரபு, தேய்க்கத் தேய்க்க வெப்பம் அளவின்றி வந்துகொண்டே இருப்பதை 1798-இலேயே எடுத்துக்காட்டினார். வற்றாமல் வருவது எப்படி ஒரு பொருளாக இருக்கமுடியும் என்பது அவர் வாதம். ஆயினும் பழைய கொள்கை அத்துடன் ஒழிந்துவிடவில்லை. வெறும் வாதம் போதவில்லை. எண் ஒன்று தேவைப்பட்டது.

அந்த எண்ணைத் தேடியவர் ஜூல். கம்பிச் சுருளைத் தண்ணீருக்குள் வைத்து, காந்தங்களுக்கு இடையே சுழலச் செய்தார். மின்கலம் எதையும் இணைக்காமலே, சுழற்சியினால் சுருளில் மின்சாரம் பிறந்தது; தண்ணீர் சூடாயிற்று. எங்கிருந்தும் வெப்பம் பாய்ந்து வரவில்லை. அங்கேயே புதிதாகப் பிறந்தது. சுழற்றுவதற்கு இறங்கிய எடைகளையும் ஏறிய வெப்பத்தையும் அளந்து ஒப்பிட்டார். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடாக்க, 838 பவுண்டு எடை ஓர் அடி இறங்கச் செய்யும் வேலை தேவை என்று கண்டார். 1843 ஆகஸ்டில், அயர்லாந்தின் கார்க் நகரில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தில் இதைப் படித்தார். கேட்டவர்கள் மறுக்கவில்லை, பாராட்டவும் இல்லை. மௌனமாக இருந்துவிட்டார்கள். மறுப்பைவிட மௌனம் கொடியது என்பதை, வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு விடை பெறாமல் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

அடுத்து அவர் காற்றை அமுக்கிப் பார்த்தார். அமுக்கும்போது பிறந்த வெப்பத்தை அளந்து 798 என்னும் எண்ணைப் பெற்றார். அந்தக் கட்டுரையை ராயல் சொசைட்டி தன் வெளியீட்டில் சேர்க்க மறுத்துவிட்டது. அவர் அதை 1845-இல் வேறு ஒரு விஞ்ஞான இதழில் வெளியிட்டார். அதே ஆண்டில், தண்ணீரைத் துடுப்புச் சக்கரத்தால் கலக்கிச் சூடாக்கும் சோதனையைத் தொடங்கினார். முதலில் 890 வந்தது. எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பகைவர்களுக்கு இது நல்ல வாய்ப்பாகத் தோன்றியிருக்கும். ஜூல் எந்த எண்ணையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் அச்சிட்டார். வேறுபாட்டுக்குக் காரணம் இயற்கையில் இல்லை, தம்முடைய அளவில்தான் இருக்கிறது என்று எண்ணினார். அளவைத் திருத்தப் புறப்பட்டார்.

1847-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்பமாக அமைந்தது. ஏப்ரல் மாதத்தில் மான்செஸ்டரின் புனித ஆன் தேவாலயத்துப் படிப்பகத்தில் பொதுமக்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இயங்கும் பொருள் நின்றால் அதன் ஆற்றல் அழிந்துவிடுவதில்லை. வெப்பமாக மாறி அங்கேயே இருக்கிறது என்பது அந்தச் சொற்பொழிவின் சாரம். உலகையே மாற்றிய அந்தக் கருத்தை முழுமையாக வெளியிட்டது விஞ்ஞான இதழ் அன்று, உள்ளூர்ச் செய்தித்தாள். அந்தத் தாளில் அவருடைய சகோதரர் இசை விமரிசனம் எழுதிவந்தார். அந்த உறவு உதவிற்று.

ஜூன் மாதம் ஆக்ஸ்போர்டில் மீண்டும் விஞ்ஞானிகள் கூடினார்கள். நேரம் இல்லை, கட்டுரையைப் படிக்காமல் சுருக்கமாகச் சொல்லி முடிக்கவேண்டும் என்று தலைவர் ஜூலுக்குக் கட்டளையிட்டார். இதுவும் மௌனத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவையில் வில்லியம் தாம்சன் என்னும் இளைஞர் ஒருவர் இருந்தார். அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அதற்குள் கிளாஸ்கோவில் பேராசிரியர். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவர் அவரே. இந்த மனிதர் தவறு செய்கிறார் என்ற எண்ணத்துடன் கேட்கத் தொடங்கியவருக்கு, கேட்கக் கேட்க, இதில் ஏதோ பேருண்மை இருக்கிறது என்ற உணர்ச்சி பிறந்தது. உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை, முழுவதும் ஏற்க அவருக்குச் சில ஆண்டுகள் ஆயின. ஆனால் அன்று முதல் ஜூல் தனி மனிதர் அல்லர்.

அந்த ஆகஸ்டில் ஜூலுக்கும் அமீலியா கிரைம்ஸ் என்னும் நங்கைக்கும் திருமணம் நடந்தது. புதுமணத் தம்பதியர் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சென்றார்கள். அங்கே நடைப்பயணம் வந்திருந்த தாம்சன் வழியில் ஜூலைக் கண்டாராம். கையில் ஒரு நீண்ட வெப்பமானி. சற்றுத் தொலைவில் வண்டியில் மணமகள். அருவியின் உச்சியிலும் அடியிலும் வெப்பநிலையை அளக்கப் புறப்பட்டிருக்கிறார் மணமகன்! தாம்சன் பல ஆண்டுகளுக்குப் பின்னர்ச் சொன்ன கதை இது. விழும் நீர் அடியில் மோதி நிற்கும்போது, அதன் ஆற்றல் வெப்பமாகவேண்டும். 160 அடி விழும் நயாகராவின் நீர் அடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாகை கூடுதலாகச் சூடாக இருக்கும் என்று ஜூல் முன்பே கணக்கிட்டிருந்தார். ஆனால் ஆல்ப்ஸ் அருவியில் நீர் திவலைகளாகச் சிதறிக் காற்றோடு கலந்துவிட்டது, அளக்க முடியவில்லை. இயற்கையின் அருவி உதவாவிட்டால் என்ன? வீட்டின் நிலவறையில் ஓர் அருவியை அவர் தாமே அமைத்தார்.

அதுதான் புகழ்பெற்ற துடுப்புச் சக்கரச் சோதனை. செம்புக் கலத்தில் 13 பவுண்டுக்குச் சற்று மிகுதியான தண்ணீர். அதற்குள் பித்தளைத் துடுப்புகள். கலத்தின் உட்புறத்தில் நிலையான தடுப்புகள் உண்டு; தண்ணீர் சும்மா சுழன்றுவிடாமல் துடுப்போடு உராயவேண்டும் என்பதற்காக. துடுப்பின் அச்சில் சுற்றிய கயிறு கப்பிகளின் வழியே சென்று இரண்டு எடைகளைத் தாங்கியது. ஒவ்வொன்றும் 29 பவுண்டு. எடைகள் ஐந்தேகால் அடி இறங்கும், துடுப்பு சுழலும். மீண்டும் எடைகளை மேலேற்றுவார், மீண்டும் இறக்குவார். இப்படி இருபது முறை. ஒரு சோதனைக்கு 35 நிமிடங்கள். இத்தனை உழைப்புக்கும் தண்ணீர் எவ்வளவு சூடாயிற்று? அரைப் பாகையைவிடச் சற்றே அதிகம். அவ்வளவுதான்.

அந்த அரைப் பாகையை நம்பத்தக்க வகையில் அளப்பதில்தான் அவர் பெருமை இருக்கிறது. மான்செஸ்டரின் கருவி வல்லுநர் டான்ஸர் செய்துகொடுத்த வெப்பமானியில் ஒரு பாகையை இருநூறாகப் பகுத்துப் படித்தார். மதுவடிப்பில் வெப்பநிலையைக் கூர்ந்து காப்பது அன்றாடத் தொழில். அந்தத் தொழிற்கண் இங்கே கைகொடுத்தது. தம்முடைய உடலின் சூடு கலத்தில் படக்கூடாது என்பதற்காக, தமக்கும் கலத்துக்கும் இடையே ஒரு மரத்தட்டியை நிறுத்திக்கொண்டார். எடையை இறக்காமல் கலத்தைச் சும்மா வைத்தும் அதே நேரம் பார்த்தார். அறைக்காற்று எவ்வளவு வெப்பம் தருகிறது, எவ்வளவு எடுக்கிறது என்று கண்டு அதைக் கழித்தார்.

நண்பர்களே, என் தேர்வுக் கணக்குக்கு இதில்தான் விடை இருந்தது. ஜூல் எழுதிய வரவு செலவைப் பாருங்கள். 58 பவுண்டு எடை மொத்தம் 105 அடி இறங்கியது. பெருக்கினால் ஏறத்தாழ 6,090 அடி-பவுண்டு. இது வரவு. கப்பிகளின் உராய்வு தண்ணீரைச் சூடாக்காது; ஆகவே அதைத் தனியே அளந்து கழித்தார். எடைகள் தரையைத் தொடும்போது நொடிக்கு இரண்டரை அங்குலத்துக்கும் குறைந்த ஒரு வேகம் அவற்றுக்கு இருந்தது, அந்த இயக்க ஆற்றல் தரையில் போயிற்று, அதையும் கழித்தார். இனி ஒன்று பாக்கி. எடை தொங்கும்போது கயிறு சற்று நீண்டிருக்கும். எடை தரையைத் தொட்டதும் கயிறு சுருங்கும். சுருங்கும்போது துடுப்பை இன்னும் கொஞ்சம் இழுக்கும். கயிறே இங்கு ஒரு சுருள்வில். அது தந்த ஆற்றல் 17 அடி-பவுண்டுக்கும் சற்றுக் குறைவு. ஆறாயிரத்தில் பதினேழு! நானாக இருந்தால் விட்டிருப்பேன். அவர் விடவில்லை, சேர்த்தார். மொத்தம் 6,067.

அந்த ஆற்றல் 7.84 பவுண்டு நீரை ஒரு பாகை சூடாக்கும் வெப்பத்துக்குச் சமமாக இருந்தது. வகுத்தால் 773 சொச்சம். காற்றின் மிதப்புக்கான நுண்ணிய திருத்தத்தையும் செய்தபின் 772.692 வந்தது. தண்ணீரில் மட்டும் இத்தகைய சோதனையை நாற்பது முறை செய்தார். பிறகு தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை ஊற்றினார். பிறகு பாதரசத்துக்குள் இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தார். தண்ணீர் வேறு, பாதரசம் வேறு, இரும்பு வேறு. எண் மட்டும் வேறாகவில்லை. மூன்றிலும் 772-க்கும் 775-க்கும் இடையிலேயே நின்றது. தேயும் பொருள் எதுவானாலும், தொலைந்த வேலைக்கு ஈடாகப் பிறக்கும் வெப்பம் ஒன்றே.

இரும்புத் தட்டுகள் தேயும்போது கிறீச்சென்று ஒலி எழுந்தது. ஒலியும் ஆற்றல்தானே? அதற்கு எவ்வளவு போயிற்று? செல்லோ என்னும் பெரிய வயலினின் தந்தியை மீட்டி, அதே தொலைவுக்குக் கேட்கும் ஒலியை எழுப்ப எவ்வளவு வேலை தேவை என்று கண்டு, அதையும் கணக்கில் கழித்துக்கொண்டார். இதைப் படித்தபோது நூல் நிலையத்தில் தனியே சிரித்தேன். பின்னர் வெட்கப்பட்டேன். ஒலிக்குக்கூட ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார். நானோ கட்டைக்கு அடியில் கண்ணெதிரே இருந்த உராய்வையே மறந்தவன்.

1849-இல் இந்த ஆராய்ச்சியை மைக்கேல் பாரடே ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். மறுத்த சங்கமே 1850-இல் அதை அச்சிட்டது. ஜூலை உறுப்பினராகவும் ஏற்றது. ஆயினும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. உராய்வு என்பது இயந்திர ஆற்றல் வெப்பமாக மாறுவதே என்னும் முடிவையும் ஜூல் கட்டுரையின் இறுதியில் எழுதியிருந்தார். மதிப்பிட்ட குழுவின் விருப்பப்படி அந்த முடிவு நீக்கப்பட்டது. எண்ணை ஒப்புக்கொண்டார்கள், அந்த எண் சொல்லும் பொருளை ஒப்புக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை. ஜூல் சண்டையிடவில்லை. எண் அங்கே இருந்தது. பொருள் தானே தொடர்ந்து வந்தது.

இந்த உண்மையைக் கண்டவர் ஜூல் ஒருவரே என்று சொல்வது நீதி ஆகாது. ஜெர்மானிய மருத்துவர் மேயர் 1842-இலேயே வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்று எழுதினார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847-இல் ஆற்றல் அழியாமையைப் பொது விதியாக வகுத்தார். ஆனால் ஐயுற்றவர்களின் முன்னால், இதோ அளவு, நீங்களும் அளந்து பாருங்கள் என்று வைக்கத்தக்க சான்றை உழைத்துத் திரட்டியவர் ஜூல்.

1850-களில் அவரும் தாம்சனும் சேர்ந்து, வாயு நுண்துளைகளின் வழியே விரியும்போது குளிர்வதை ஆராய்ந்தார்கள். வாயுக்களைத் திரவமாக்கும் தொழில் பின்னாளில் அந்த விளைவைப் பயன்படுத்திக்கொண்டது. வெளியே புகழ் வளர்ந்த அதே காலத்தில் வீட்டில் இருள் சூழ்ந்தது. 1854-இல் அமீலியா இறந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் தாயற்ற பிள்ளைகள் ஆனார்கள். அதே ஆண்டில் ஆலையும் விற்கப்பட்டது. ஜூல் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பேராசிரியர் பதவி எதையும் வகிக்கவுமில்லை. 1870-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. கைப்பொருளை ஆராய்ச்சிக்கே செலவிட்டவருக்கு, 1878-இல் அரசு ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை வழங்கியது.

முதுமையிலும் அவர் அந்த எண்ணை விட்டுவிடவில்லை. விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் வேண்டுகோளின்படி மீண்டும் தண்ணீரைக் கலக்கினார். 1878-இல் 772.55 என்று வெளியிட்டார். 1889 அக்டோபர் 11-ஆம் நாள், மான்செஸ்டருக்கு அருகில் உள்ள சேல் என்னும் ஊரில் காலமானார். ஆற்றலின் அளவுக்கு அவர் பெயரை வைப்பதென்று பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு ஏற்றுக்கொண்டதும் அதே ஆண்டில்தான். புரூக்லண்ட்ஸ் இடுகாட்டில் அவருடைய கல்லறைக் கல்லில் 772.55 என்னும் எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். இன்று நாம் அறிந்த அளவு 778. நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்குக்கூட அவர் பிழைக்கவில்லை.

இப்போது என் மேசைக்குத் திரும்புகிறேன். அமுங்கிய வில் கட்டையை மீண்டும் தள்ளும். வில்லில் இருந்த 4 ஜூலில் 1 ஜூல் விரியும்போதே உராய்வுக்குப் போகும். எஞ்சிய 3 ஜூலைக் கொண்டு கட்டை முக்கால் மீட்டர் சென்று நின்றுவிடும். தொடங்கிய இடத்தை அது எட்டுவதில்லை. வேகம் இல்லை, வில்லும் தளர்ந்து கிடக்கிறது. ஒன்பது ஜூலும் தொலைந்துவிட்டது என்றுதான் எவரும் சொல்வார்கள். இல்லை. அந்த ஒன்பதும் கட்டையிலும் மேசையிலும் வெப்பமாக இருக்கிறது. முழுவதும் கட்டைக்கே போயிருந்தாலும் அது நூற்றில் ஒரு சென்டிகிரேடு பாகைதான் சூடேறியிருக்கும். கைக்குத் தெரியாது, சாதாரண வெப்பமானிக்கும் தெரியாது. ஆனால் நிலவறையில் மரத்தட்டிக்குப் பின்னால் நின்ற அந்த மனிதரின் கண்ணுக்கு அது தப்பியிராது.

அன்றிலிருந்து இத்தகைய கணக்குகளை ஒரே முறையில் செய்கிறேன். முதலில் வரவை எழுதுகிறேன்: இயக்கத்தில் எவ்வளவு, உயரத்தில் எவ்வளவு, வில்லில் எவ்வளவு என்று. பிறகு முடிவு நிலையில் அதே மூன்றையும் எழுதுகிறேன். பொருள் உராய்ந்து சென்ற பாதையை, போனதும் வந்ததும் உட்பட, அடியளந்து கூட்டி, உராய்வு விசையால் பெருக்கி, வெப்பம் என்று பெயரிட்டு எழுதுகிறேன். இரு பக்கமும் ஒத்துவராவிட்டால் இயற்கை தவறவில்லை, நான்தான் எதையோ எழுத மறந்திருக்கிறேன் என்று தேடுகிறேன். பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

அடுத்த தேர்விலும் நான் முதல்வனாக வந்துவிடவில்லை, தேறினேன். ஊருக்குத் திரும்பும் எண்ணம் போய்விட்டது. அண்ணன் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். இப்போது முதலாண்டுத் தம்பி தங்கைகள் சிலர் தங்கள் விடைத்தாள்களைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுகிறார்கள். உராய்வினால் இத்தனை ஜூல் இழப்பு என்று அதில் எழுதியிருப்பார்கள். நான் திருத்தம் கூறுவதில்லை. எங்கே போயிற்று என்று மட்டும் கேட்கிறேன்.